லயன் வாசலில் நின்ற பொதுப்பணம்: பாரோய் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

மலாயாத் தோட்டத் தமிழரைப் பற்றி எழுத உட்காரும் எவரும் ஆர். கே. ஜெயினைத் தாண்டிப் போக முடிவதில்லை. ‘பால் மெலாயு’ என்று அவர் புனைபெயர் சூட்டிய ரப்பர் தோட்டத்தில் 1960-களின் முற்பகுதியில் தங்கிச் செய்த களப்பணி, 1970-இல் யேல் பல்கலைக்கழக வெளியீடாக நூலுருப் பெற்றது. துரை, கிராணி, கங்காணி, பால்மரம் வெட்டுபவர் என்று இறங்கும் அதிகாரப் படிகளையும் லயத்துக்குள் ஓடும் உறவுமுறைகளையும் அந்த நூலைப்போல் நெருங்கிப் பார்த்த வேறொன்று அந்தத் தலைமுறையில் இல்லை. ஆனால் நூலுக்குள் இருக்கும் நுணுக்கங்களைவிட அது விட்டுச்சென்ற ஒரு கருத்துருதான் அதிக தூரம் போயிற்று. தோட்டம் ஒரு ‘முழுமை நிறுவனம்’ என்பது அந்தக் கருத்துரு. மனநல விடுதிகளையும் சிறைகளையும் பற்றி எழுதும்போது எர்விங் காஃப்மன் 1961-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. வேலை, உறக்கம், பொழுதுபோக்கு மூன்றும் ஒரே வேலிக்குள், ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் இடம் என்று பொருள்.

இந்த வாசிப்பு தன்னளவில் தவறு என்பது என் வாதம் அல்ல. 1962-இல் லயத்தில் குடியிருந்த ஒருவருக்கு வாழ்க்கை அப்படித்தான் தெரிந்திருக்கும். என் மறுப்பு வேறு இடத்தில். அரை நூற்றாண்டாக இந்தக் கருத்துரு ஒரு விளைவைக் காரணமாக மாற்றிக் காட்டி வந்திருக்கிறது. தோட்டத்துக்குள் சடக்கு போடப்படவில்லை, காவாய் கட்டப்படவில்லை, விளக்குக் கம்பம் நடப்படவில்லை. ஏன் என்று கேட்டால், தோட்டம் மூடிய உலகம், அரசாங்கத்தின் கை அங்கே எட்டாது என்கிற விடை தயாராக இருக்கிறது. அந்த உலகத்தை மூடியவர் யார், எந்தச் சட்டத்தால், எந்தக் கணக்கேட்டில் என்ற கேள்விகள் அதோடு நின்றுவிடுகின்றன. தோட்டம் தன் இயல்பால் மூடியிருந்த இடம் அன்று. பொதுநிதிச் சட்டங்கள் அதை ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஒருமுறையாவது அந்தக் கதவு திறக்கவும் முயன்றது. இதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெகிரி செம்பிலானின் பாரோயை நோக்குநிலையாக எடுத்துக்கொள்கிறேன். சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் 51-ஆம் எண் கூட்டரசுச் சாலையில், நகரத்தை ஒட்டி அமைந்த பகுதி இது. மாநிலத்துக்கு வெளியே பலருக்கு அந்தப் பெயர் துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கத்தால்தான் தெரியும். சுற்றிலும் பாரோய் ஜெயா போன்ற தாமான்கள், அதாவது வீடமைப்புக் குடியிருப்புகள். ஒரு குடியிருப்பின்மீது பொதுப்பணம் எத்தனை வாசல் வழியாக வந்து சேர்கிறது என்பதை இங்கே நன்றாகப் பார்க்கலாம். பெருஞ்சாலை கூட்டரசின் பொறுப்பு. தாமானுக்குள் ஓடும் காவாயும் தெருவும் பூங்காவும், 2020 ஜனவரி 1 அன்று சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்களை இணைத்து உருவான சிரம்பான் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. குப்பை அள்ளுவது 2011 முதல் கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. எந்தப் பணம் யாருடையது என்று குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை, எப்படியோ வந்துவிடுகிறது. சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்ட லயன்களுக்கு இந்த வாசல்களில் ஒன்றுகூடத் திறக்காத காலம் நீண்டது. அந்த நீளத்தை அளப்பதற்கு ஜெயினின் கருத்துரு உதவாது. சட்ட வரலாறுதான் உதவும்.

சுகாதார வாரியங்களும் தொழிலாளர் சட்டமும் பின்னணியாக எல்லோரும் அறிந்தவை. 1896-இல் கூட்டு மலாய் மாநிலங்கள் உருவானபோது நெகிரி செம்பிலானும் அதில் சேர்ந்தது. நகரங்களில் சுகாதார வாரியங்கள் எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் இருந்த வீடுகளுக்கு வரி விதித்து, அதற்குள்ளேயே தெருவும் கழிவுநீர் வழியும் அமைத்தன. எல்லைக்கு வெளியே இருந்த தோட்டங்களுக்கு 1912-இன் தொழிலாளர் சட்டமும் அதை விரித்தெழுதிய 1923-இன் சட்டமும் பொருந்தின. வீடு, தண்ணீர், கழிப்பிடம், மருத்துவம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் ஒரு பள்ளிக்கூடம் ஆகிய அனைத்தும் முதலாளி செய்துதர வேண்டியவை. அரசாங்கம் மேற்பார்வை பார்த்தது, அளந்தது, சில சமயம் தண்டித்தது. செலவு மட்டும் செய்யவில்லை. ஊர்ப் பராமரிப்பு நகரத்தில் வரிக்கு ஈடாகக் கிடைத்தது, தோட்டத்தில் வேலைக்கு ஈடாகக் கிடைத்தது. பிற்காலத்துச் சிக்கல்கள் பலவற்றின் வேர் இந்தப் பிரிவினைதான்.

ஜெயின் வழிவந்தவர்கள் போதிய எடை கொடுக்காமல் கடந்துபோகும் ஒரு நிகழ்வு இதற்குப் பிறகு வருகிறது. தோட்டங்களின் சாவு விகிதம் காலனிய அரசையே சங்கடப்படுத்தியதால் 1924-இல் தோட்டச் சுகாதார ஆணையம் அமர்த்தப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1926-இல் சுகாதார வாரியச் சட்டம் வந்தது. தோட்டங்களிடம் வரி தண்டி, அந்தப் பணத்தைப் பொது அமைப்பொன்றின் கையில் கொடுத்து, பல தோட்டங்களுக்குப் பொதுவான மருத்துவமனை, மலேரியா தடுப்பு, வடிகால் போன்றவற்றைச் செய்யலாம் என்பது திட்டம். நெகிரி செம்பிலான் போன்ற மலையடிவார மாநிலத்தில் இதற்கொரு தனிப்பொருள் உண்டு. சிற்றோடைகளில் பெருகும் கொசுவுக்குத் தோட்டத்தின் எல்லைக்கல் தெரியாது. மேல்தோட்டத்து ஓடையைச் சீர்செய்யாமல் கீழ்த்தோட்டத்து லயத்தைக் காப்பாற்ற முடியாது. கிள்ளானில் மால்கம் வாட்சன் தொடங்கிய மலேரியாப் பணியிலிருந்தே இது அறியப்பட்ட பாடம். தோட்ட எல்லையைத் தாண்டிய பொதுமுதலீடு வேண்டும் என்பதை அரசு அன்றைக்கே எழுத்தில் ஒத்துக்கொண்டது என்பதுதான் இதில் முக்கியம்.

அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. தோட்ட முதலாளிகள் வரியை வெறுத்தார்கள். தங்கள் மருத்துவரும் தங்கள் மருத்துவமனையும் போதும் என்றார்கள். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்த மந்தக் காலத்தில் வாரியங்கள் கைவிடப்பட்டன. வரலாற்றாசிரியர் ஜே. நார்மன் பார்மர் இதை முதலாளிகளின் எதிர்ப்பு வென்ற கதையாகச் சொல்கிறார், அது சரிதான். நான் அதிலிருந்து இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கிறேன். இந்த இடத்தில் சான்று மெலிவு என்று தெரிந்தே வைக்கிறேன். வாரியம் நின்றிருந்தால், தோட்ட வட்டாரத்துக்கென வரி தண்டும் ஓர் உள்ளாட்சி முளைவிட்டிருக்கும். இன்றைய சொல்லில், லயத்துக்கும் ஒரு நகராண்மைக் கழகம். நடக்காததை வைத்து வாதிடுவது வரலாற்றாசிரியனுக்கு அழகல்ல என்பார்கள். ஆனால் ஒரு வாசல் திறந்து மூடியதென்றால் அங்கே வாசல் இருந்தது என்று சொல்வதில் தவறில்லை. சுவர் மட்டுமே இருந்ததாகச் சொல்லும் கோட்பாட்டுக்கு அந்த வாசலே போதிய மறுப்பு.

அவசரகாலம் இரண்டாவது சான்று. 1950-க்குப் பின் பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் சுமார் 480 புதுக்கிராமங்கள் எழுந்தன. கட்டாயக் குடியேற்றம், முள்வேலி, ஊரடங்கு எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் வேலிக்குள் அரசுப் பணத்தில் சாலை வந்தது, பள்ளி வந்தது, மருந்தகம் வந்தது. 1952-இன் உள்ளூர் மன்றச் சட்டத்தின் கீழ் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் வந்தன. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளர்களும் வேலிக்குள் திரட்டப்பட்டார்கள். சிதறிக்கிடந்த லயன்கள் ஓரிடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அந்தத் திரட்டலின் செலவு பெரும்பாலும் தோட்ட நிர்வாகங்களின் தலையில் விழுந்தது. மன்றம் எதுவும் வரவில்லை. முள்வேலி ஒன்றுதான், செலவெழுதிய கணக்கு மட்டும் வேறு. மூடிய இடமாக இருப்பதுதான் பொதுமுதலீட்டைத் தடுத்தது என்றால், புதுக்கிராமங்கள் தோட்டங்களைவிட இறுக்கமாக மூடப்பட்டிருந்தன. அங்கே பணம் எப்படிப் போயிற்று? ஜெயினின் சட்டகம் இந்தக் கேள்வியிடம் நின்றுவிடுகிறது.

இனி, இந்த ஆய்வில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த ஒரு வரிக்கு வருகிறேன். மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, எந்த அதிகாரம் கூட்டரசுக்கு, எது மாநிலத்துக்கு, எது இரண்டுக்கும் பொது என்று பிரிக்கிறது. நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. பொதுப்பட்டியலில் நகர், ஊரமைப்புத் திட்டமிடலும், பொதுச் சுகாதாரமும், வடிகாலும், 9சி என்ற எண்ணில் வீட்டுவசதியும் அதோடு மேம்பாட்டு அறக்கட்டளைகளும் வருகின்றன. ஒரு குடியிருப்பைச் சீராக்கத் தேவையான அதிகாரங்கள் ஏறத்தாழ அனைத்தும் இந்த இரண்டு பட்டியல்களில் அடங்கிவிட்டன. ஆனால் கூட்டரசுப் பட்டியலின் 15-ஆம் இனத்தில், தொழிலாளர், சமூகப் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ், தொழிலாளர் நலனை விளக்குமிடத்தில் முதலாளிகள் தொழிலாளருக்கு அமைத்துத் தரும் வீட்டுவசதி தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்தே முதலாளியின் பொறுப்பும் விபத்து இழப்பீடும் வருகின்றன.

இந்த வரிக்கு ஒரு மூத்த உறவு உண்டு. 1935-இன் இந்திய அரசுச் சட்டத்தில், பொதுப்பட்டியலின் இரண்டாம் பகுதி, 27-ஆம் இனம். தொழிலாளர் நலன், வேலை நிலைமைகள், சேமநிதி, முதலாளியின் பொறுப்பு, இழப்பீடு, நோய்க் காப்பீடு, முதுமை ஓய்வூதியம் என்று அது அடுக்குகிறது. 1950-இன் இந்திய அரசமைப்பில் பொதுப்பட்டியலின் 24-ஆம் இனம் அதன் நேர்வாரிசு. இந்த இரண்டிலும் முதலாளி தரும் வீடு என்ற சொற்றொடரே கிடையாது. அஸ்ஸாமிலும் நீலகிரியிலும் வால்பாறையிலும் தோட்ட லயன்கள் இல்லாமலா? இருந்தன. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவற்றுக்கு விதி செய்தது. ஆனால் அதிகாரப் பங்கீட்டின் வாசகத்திலேயே லயனை வேறாக நிறுத்தும் தேவை இந்திய வரைவாளர்களுக்குத் தோன்றவில்லை. மலாயாவில் ஏறத்தாழ அதே வாக்கிய அமைப்பு இருக்கிறது, ஏறத்தாழ அதே சொற்கள் இருக்கின்றன. நடுவில் ஓரிடத்தில் வேலை நிலைமைகள் என்றிருந்த இடத்தை முதலாளி தரும் வீடு பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பாடபேதம் தற்செயலா? இருக்கலாம். இது 1948-இன் கூட்டரசு ஒப்பந்த வரைவிலேயே நுழைந்ததா, அதற்குப் பின் 1957-க்கான வரைவுப் பணியிலா என்று அறுதியிட்டுச் சொல்ல நான் முன்வரவில்லை. அந்தத் தேதி திறந்தே இருக்கட்டும். எந்தத் தேதியானாலும் விளைவு ஒன்றுதான். சாதாரணக் குடிமகனின் வீடு, நிலம், தெரு, காவாய் இவற்றோடு மாநில, பொதுப்பட்டியல்களில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் வீடோ தொழிற்சங்கம், வேலைத் தகராறு, விபத்து இழப்பீடு இவற்றோடு கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. லயன் ஒரு குடியிருப்பு அல்ல, கூலியின் ஒரு பகுதி என்பதே இந்த வகைப்பாட்டின் உட்பொருள். தோட்டத்துத் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டால் உள்ளாட்சி மன்றம் தொழிலாளர் துறையைக் கைகாட்டவும், தொழிலாளர் துறை முதலாளியைக் கைகாட்டவும் இந்த அமைப்பில் தாராளமாக இடமிருக்கிறது.

இதற்கு ஒரு தடையுரை வரும். பட்டியல் இனம் அதிகாரத்தைப் பங்கிடுகிறதே தவிர, மாநிலமோ மன்றமோ லயத்துக்குச் செலவு செய்யக் கூடாது என்று தடுக்கவில்லையே? உண்மை. வெளிப்படையான தடை எதுவும் அதில் இல்லை. அதனால்தான் இலங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 1987-இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக வாசிக்கப்பட்டது. மலையகத் தமிழர் சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம், சபையில் உறுப்பினராகவும் அமரலாம், ஆனால் சபையின் சாலை தங்கள் லயத்துக்கு வராது. 2018-இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கியது. தோட்டத்தின் சமூக அமைப்பு அந்த ஆண்டில் மாறிவிடவில்லை. துரை துரையாகவும் லயன் லயனாகவுமே இருந்தன. ஒரு பிரிவின் வாசகம் மாறியது, சபைக்கு வழி கிடைத்தது. வழி கிடைத்த வேகத்தில் பணம் வந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. ஆயினும் பூட்டு எங்கே இருந்தது என்பதை இலங்கை தெளிவாகக் காட்டிவிட்டது. மலேசியாவில் அதே பூட்டு ஒரே பிரிவில் இல்லாமல் மூன்று நான்கு சட்டங்களில் சிதறிக் கிடந்ததால் அதை யாரும் பூட்டாகப் பார்க்கவில்லை. சமூக அமைப்பு என்று பெயரிட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1960-இல் துன் ரசாக்கின் ‘சிவப்புப் புத்தக’த் திட்டம் கம்பங்களுக்கு, அதாவது மலாய்க் கிராமங்களுக்கு, சாலை, தண்ணீர், சமூகக் கூடம் கொண்டுவந்தது. தோட்டங்கள் தனியார் நிலம் என்ற காரணத்தால் விலக்கி வைக்கப்பட்டன. அதையொட்டிய ஆண்டுகளில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டுக்கொண்டிருந்தன. உங்கு அசிஸ் தலைமையிலான மலாயாப் பல்கலைக்கழக ஆய்வு 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்தது. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்தத் துண்டாடலுக்கு விடையாகத்தான். ஜெயின் களத்தில் இருந்த ஆண்டுகளும் இவையே. கம்பத்துக்குப் பணம் வந்து தோட்டத்துக்கு வராத தருணத்தில் நின்று அவர் தோட்டத்தைப் பார்த்தார். அந்தத் தருணத்தின் நிழற்படம் காலாகாலத்துக்குமான உருவமாக வாசிக்கப்பட்டுவிட்டது. இதில் அவர் குற்றம் பாதிதான், மீதி அவரை மேற்கோள் காட்டிய நம்முடையது.

உள்ளாட்சித் தரப்பிலும் ஒரு கதவு சாத்தப்பட்டது. 1965 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஜார்ஜ்டவுன், ஜொகூர் பாரு, பத்து பகாட் மன்றங்களோடு சிரம்பான் நகர மன்றத்தின் மீதும் நிர்வாகச் சீர்கேட்டுப் புகார்கள் எழுந்த காலம் அது. அவற்றை ஒட்டி அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் முடிந்த அவருடைய அறிக்கை, உள்ளாட்சியைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே நடத்த வேண்டும் என்றது. அரசு அதை ஏற்கவில்லை. 1976-இன் உள்ளாட்சிச் சட்டம் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைப்படுத்தியது. ஆதி நாகப்பனைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவற்றில் இந்த அறிக்கைக்குரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

இதே 1976 சட்டத்துக்குப் பின் மன்ற எல்லைகள் பரந்தன. பழைய நகர எல்லைக்கு வெளியே இருந்த பால்மரக்காடுகளும் பல இடங்களில் மன்றப் பரப்புக்குள் வந்தன. ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு வரை, அல்லது மேம்படுத்திய மதிப்பில் 5 விழுக்காடு வரை மதிப்பீட்டு வரி விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் தோட்டச் சொத்துக்கு வரி கட்டுவது கம்பெனி. லயத்தில் குடியிருப்பவர் வரி செலுத்துபவர் அல்லர், ஆகவே மன்றத்தின் வாசலில் போய்க் கேட்கும் உரிமையும் அவருக்கு மங்கலாகவே இருந்தது. போதாக்குறைக்கு 1974-இன் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் தனியார் தெருவைப் பொதுத்தெருவாக ஏற்கும் முன் அதைச் சீராக்கும் செலவைத் தெருவையொட்டிய நிலத்தின் உரிமையாளரிடம் கேட்கிறது. தாமானில் அந்தச் செலவை மேம்பாட்டாளர் வீட்டு விலையில் சேர்த்துவிட்டு, தெருவை மன்றத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். லயத்துத் தெருவை ஒப்படைக்க யாருமில்லை. எல்லைக் கோடு லயத்தை உள்ளே இழுத்துக்கொண்டது, வரவு செலவுக் கணக்கு வெளியே விட்டுவிட்டது.

தோட்டம் விற்கப்பட்டுத் தாமானாக மாறும்போது இந்த இரட்டைக் கணக்கின் முழு விலையும் தெரியவருகிறது. வேலை இருக்கும்வரை, தான் தரும் வீட்டைக் குறைந்தபட்சத் தரத்தோடு வைத்திருப்பது சட்டப்படி முதலாளியின் கடமை. 1966-இன் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டமும் அதற்கு மாற்றாக வந்த 1990-இன் 446-ஆம் சட்டமும் அதைத்தான் சொல்கின்றன. வேலை போன மறுநாள் அதே வீட்டில் இருப்பவர் அத்துமீறிக் குடியிருப்பவர் ஆகிறார். மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்திருந்தாலும் அது குடியிருப்பாக எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. கோலாலம்பூர் மாநகர எல்லைக்குள்ளேயே இருந்த புக்கிட் ஜாலில் தோட்டக் குடும்பங்கள் 2010-களில் நடத்திய நீண்ட போராட்டத்துக்கு அடியில் இருந்ததும் இந்தச் சிக்கல்தான். நாட்டின் தலைநகரத்துக்குள் இருந்த லயத்துக்கே இந்தக் கதி என்றால், அதைத் தோட்டத்தின் தனிமையால் எப்படி விளக்க முடியும்?

446-ஆம் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் தோட்டம், சுரங்கம் தாண்டி மற்ற துறைகளுக்கும் விரிந்தது. கொரோனா காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளரின் நெருக்கடியான தங்குமிடங்கள் பேச்சாகியிருந்த நேரம் அது. விரிவு நல்லதே. ஆனால் அது பழைய தர்க்கத்தையே அகலப்படுத்தியது. தொழிலாளியின் வீடு முதலாளியின் பொறுப்பு, மேற்பார்வை தொழிலாளர் துறையுடையது, குடியிருப்பைச் சீராக்கும் மன்றம் அந்தப் படத்தில் எப்போதும்போல் ஓரமாக நிற்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். ஜெயின் பார்த்த மூடிய உலகம் உண்மை, அது தன்னால் மூடிக்கொண்டது என்று நாம் வாசித்தது பிழை. 1926-இன் வாரியங்களைப் பற்றி நான் சொன்னதில் ஊகத்தின் பங்கு அதிகம் என்பதை மறைக்கவில்லை. அந்த ஊகத்தை உறுதியாக்கவோ உடைக்கவோ கூடிய தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் மட்டும் இல்லை. சிரம்பான், பாரோய், செனவாங் பக்கத்துப் பழைய தோட்டக் குடும்பங்களின் பெட்டிகளிலும் இருக்கக்கூடும். லயத்து வரைபடம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வீடு காலிசெய்யச் சொன்ன கடிதம், மன்றத்துக்கு எழுதிய மனுவின் நகல் என்று எது கையில் இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். படமெடுத்து, தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பின்னால் எழுதி, அருகிலுள்ள பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள்.